சென்னையின்: எந்த வேற்றுமை?

ஒவ்வொரு சீசனுக்கும் முன்னால் சென்னையின் எஃப்சி ஆட்டக்காரர் பட்டியலை வெளியிடும்போது என் கண் முதலில் ஸ்ட்ரைக்கரைத் தேடாது. புதுசாக வந்திருக்கும் வெளிநாட்டுக்காரர் எந்த ஊர், போன வருஷம் எத்தனை கோல் என்பதெல்லாம் அப்புறம். மேலிருந்து கீழே ஒரு தடவை வேகமாக ஓட்டி, நம்ம பக்கத்துப் பெயர் ஏதாவது தட்டுப்படுகிறதா என்று பார்ப்பேன். ஒரு கணேஷ், ஒரு எட்வின், ஒரு அஜித் குமார். சில வருஷம் இரண்டு மூன்று கிடைக்கும். சில வருஷம் பட்டியலின் அடியில், காப்பு ஆட்டக்காரராக, சீசன் முழுக்க பெஞ்சில் உட்காரப்போகும் ஒரு பெயர்.

ஒரு கால்பந்து அணியை எடைபோட இது ரொம்ப மோசமான தராசு என்று கூட்டாளி ஒருத்தன் சொல்வான். அவன் எங்க கோவளத்தில் படகு வேலைக்குப் போகிறவன். வலை இழுக்கிற ஆளிடம் மீன் எந்தக் கடலில் பிறந்தது என்று கேட்பாயா என்பான். நியாயம்தான். ஆனால் இந்தக் கேள்வியைக் கிளப்புவதே அணியின் பெயர்தான். 2014 ஆகஸ்டில் இந்த அணி அறிவிக்கப்பட்டபோது பெயரைக் கேட்டு எல்லாரும் முதலில் சிரித்தோம். சென்னையின். முடியாத ஒரு சொல். சென்னையின் என்ன? பெருமையா, தண்ணீர்ப் பஞ்சமா, அணியா? ஆங்கிலத்தில் எழுதினால் ஒரு ஸ்டைல் மாதிரி இருக்கும். தமிழில் படித்தால் அடுத்த சொல்லுக்காகக் காத்திருக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்துத் தமிழ் ஐயாவிடம் கேட்டால் இது ஆறாம் வேற்றுமைப் பொருள், உடைமை, நடுவில் 'இன்' சாரியை என்று முடித்துவிடுவார். அதாவது சென்னைக்குச் சொந்தமானது. ஆனால் அதே 'இன்' நன்னூலில் ஐந்தாம் வேற்றுமையின் உருபும்கூட. அதற்கு நாலு பொருள்: நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது. நீங்கல் என்றால் ஓரிடத்தை விட்டுப் போவது. பதினோரு வருஷப் பட்டியல்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், சில சீசன்களுக்கு ஆறாம் வேற்றுமை பொருந்துகிறது. நிறைய சீசன்களுக்கு ஐந்தாவதுதான் பொருந்துகிறது.

முதல் பட்டியலில் இருந்து ஆரம்பிக்கலாம். 2014. இந்தியன் சூப்பர் லீகின் முதல் வருஷம், எட்டு அணி. சென்னைக்கு உரிமையாளர்கள் அபிஷேக் பச்சன், வீட்டா டானி, அப்புறம் எம்.எஸ். தோனி. தோனி வந்ததும் பாதி ஊர் நம்மகிட்ட வந்துவிட்டது என்று நினைத்தோம். ஆட்டக்காரரும் பயிற்சியாளரும் ஒருவரே: மார்கோ மட்டராஸி, வயது 41. பெயர் தெரியாதவர்களுக்கு, 2006 உலகக்கோப்பை இறுதியில் ஜிதான் தலையால் நெஞ்சில் முட்டினாரே, அந்த நெஞ்சு இவருடையது. அதே ஆட்டத்தில் இத்தாலிக்காக கோல் போட்டவரும் இவர்தான். அந்தப் போட்டித் தொடரில் இவர் உள்ளே வந்ததற்குக் காரணம், அலெசாண்ட்ரோ நெஸ்டாவுக்குக் காயம் பட்டது. எட்டு வருஷம் கழித்து அதே நெஸ்டாவை, 38 வயதில், சீசன் பாதியில் சென்னைக்கு வரவழைத்தார் மட்டராஸி. கூடவே மான்செஸ்டர் யுனைட்டடில் ஆடிய மிக்கேல் சில்வெஸ்டர், வயது 37. பிரான்சுக்காரர் பெர்னார்ட் மெண்டி. பிரேசில்காரர் எலானோ, 33. பட்டியலைப் பார்த்தபோது ஓய்வூதியர் சங்கம் மாதிரி இருந்தது. ஆனால் ரசிகனுக்கு அது கனவுதான். டிவியில் பார்த்த ஆட்களைப் பெரியமேட்டில் பார்க்கப் போகிறோம்.

எங்க ஊருக்கு வெளியாட்கள் வருவது புதுசு கிடையாது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்றைய பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆஸ்டெண்ட் கம்பெனி கோவளத்தில் பண்டகசாலை வைத்திருந்தது. பிறகு ஆற்காட்டு நவாபின் துறைமுகம், பிறகு பிரெஞ்சுக்காரர்களின் கோட்டை, 1752இல் ராபர்ட் கிளைவ் வந்து பிடித்தார். இப்போது அலைச்சறுக்கு பலகையோடு வருகிறார்கள். வந்தவர்களில் யார் தங்கினார்கள், யார் எதை விட்டுவிட்டுப் போனார்கள் என்று கணக்கெடுப்பது கடற்கரை ஊர்க்காரனுக்கு ரத்தத்திலேயே இருக்கிறது என நினைக்கிறேன். 2014 பட்டியலில் எலானோ எட்டு கோல் போட்டு லீகின் தங்கக் காலணியை வாங்கினார். மட்டராஸி அடுத்த இரண்டு வருஷமும் பயிற்சியாளராக இருந்தார். நெஸ்டா ஒரு கையளவு ஆட்டம் ஆடிவிட்டுப் போனார்.

ஆனால் அந்த முதல் பட்டியலில் யாரும் பெரிதாகக் கவனிக்காத பெயர் ஒன்று: ஸ்டிவன் மெண்டோசா, கொலம்பியா, வயது 22. என் அபிப்பிராயத்தில் சென்னையின் வரலாற்றிலேயே புத்திசாலித்தனமான தேர்வு அதுதான். பெயர் பெற்ற கிழவர்களுக்கு நடுவில் பெயர் இல்லாத ஒரு சிறுவன். இந்தப் பாடம் பின்னால் பல தடவை மறந்து போயிற்று.

அந்த வருஷம் லீகில் முதலிடம். அரையிறுதியில் கேரளா பிளாஸ்டர்ஸ். கொச்சியில் 0-3. சென்னையில் 90 நிமிடத்துக்குள் 3-0 என்று சமன் செய்து, கூடுதல் நேரத்தில், 117ஆவது நிமிடத்தில் ஸ்டீபன் பியர்சன் போட்ட கோலில் வெளியே போனோம். கேரளத்தோடு நமக்கு இருக்கும் கணக்கு அன்று ஆரம்பித்தது.

நேரு ஸ்டேடியம் பற்றி ஒரு வார்த்தை. பழைய பெயர் கார்ப்பரேஷன் ஸ்டேடியம். 1956 ஜனவரியில் வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூசிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 ரன் அடித்தது இங்கேதான், சேப்பாக்கத்தில் இல்லை. பிறகு கிரிக்கெட் தன் வீட்டுக்குத் திரும்பிப் போனது. 1993இல் இதை இடித்துப் புதுசாகக் கட்டி நேரு கோப்பைக் கால்பந்து நடத்தினார்கள், வட கொரியா ஜெயித்தது. அப்புறம் ரொம்ப காலம் கல்யாணம் ஆகாத வீடு மாதிரி கிடந்தது. கோவளத்திலிருந்து அங்கே போவது ஒரு நாள் வேலை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் பிடித்து திருவான்மியூர், அங்கிருந்து பறக்கும் ரயிலில் பார்க் டவுன், இறங்கி நடை. ஆட்டம் முடிய ஒன்பதரை. திரும்பி வருவதற்கு என்ன வழி என்பதை ஆட்டத்தின் எண்பதாவது நிமிடத்தில் யோசிக்க ஆரம்பிப்போம். 117ஆவது நிமிட கோல் ஒருவனைக் கொச்சிக்கு மட்டும் இல்லை, ஷேர் ஆட்டோவுக்கும் எதிரியாக்கிவிடும்.

2015 பட்டியல் முந்தையதைவிடச் சின்னது, இளையது. மெண்டோசா மறுபடி வந்தார். பிரேசில்காரர் புருனோ பெலிசாரி, கேமரூனில் பிறந்த கோல்கீப்பர் அபூலா எடெல், முன்வரிசையில் மிசோரம்காரர் ஜெஜே லால்பெக்லுவா. சீசன் பாதியில் நாம் புள்ளிப்பட்டியலின் அடியில் கிடந்தோம். பிறகு கடைசி நாலு லீக் ஆட்டத்தையும் வரிசையாக ஜெயித்தோம். இதற்குள் மழை வந்துவிட்டது. டிசம்பர் 1ஆம் தேதி மழையைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர். கிழக்குத் தாம்பரம், சேலையூர், மேடவாக்கத்து ஏரிகள் நிரம்பி பள்ளிக்கரணை சதுப்புக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, எங்க முகத்துவாரத்தில்தான் கடலைச் சேரும். அத்தனை ஊர்களின் வெள்ளமும் எங்க கண் முன்னால் பழுப்பாக ஓடியது. அதில் யாரோ ஒருவருடைய வீட்டுக் கதவு மிதந்து போனதைப் பார்த்தேன்.

அரையிறுதியின் முதல் ஆட்டம் சென்னையில் நடக்க வேண்டியது. முடியாது என்று புனேவுக்கு மாற்றினார்கள். சொந்த மைதானத்து ஆட்டத்தை அடுத்தவர் ஊரில் ஆடி, கொல்கத்தாவை 3-0 என்று அடித்தது அணி. கொல்கத்தாவில் 1-2 என்று தோற்றும் மொத்தத்தில் 4-2. டிசம்பர் 20, கோவாவில் இறுதி, எதிரணி எஃப்சி கோவா. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து டீக்கடையில் பார்த்தோம். 86ஆவது நிமிடம் வரை 1-1. 87இல் கோவா முன்னிலை. கடைக்காரர் டிவியை அணைக்கக் கை நீட்டினார். 90ஆவது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணி தன் வலைக்குள்ளேயே பந்தைத் தட்டிக்கொண்டார். அதற்குப் பின் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, மெண்டோசா. 3-2. அந்த சீசனில் அவருக்கு 13 கோல், தங்கக் காலணி. பிறகு நியூயார்க், பிரான்சில் அமியான் என்று போய்விட்டார். போகட்டும். டீக்கு அன்று காசு வாங்கவில்லை கடைக்காரர்.

அந்தக் கோப்பை சென்னையின் கோப்பைதான், ஆறாம் வேற்றுமை. ஆனால் அரையிறுதியும் இறுதியும் ஒன்றுகூட சென்னையில் நடக்கவில்லை.

2016ஐ ஒரே வரியில் தாண்டிவிடலாம்: ஏழாம் இடம்.

இப்போது எனக்குப் பிடித்த பட்டியலுக்கு வருகிறேன். 2017-18. மட்டராஸி போய், ஆஸ்டன் வில்லாவின் முன்னாள் பயிற்சியாளர் ஜான் கிரகரி வந்தார். சீசனுக்கு முன்னால் யாரும் இந்த அணியைப் பெரிதாக மதிக்கவில்லை. புதுசாக லீகுக்குள் வந்த பெங்களூருதான் எல்லார் வாயிலும். ஆட்ட விதியும் அந்த வருஷம் மாறியிருந்தது. முதல் மூன்று சீசனில் களத்தில் ஆறு வெளிநாட்டுக்காரர்கள் வரை நிற்கலாம். 2017இல் அது ஐந்தானது. பிறகு 2021இல் நாலானது, அதிலும் ஒருவர் ஆசியர். ஒரு எண் குறைவது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் பட்டியல் போடுகிற ஆளுக்கு அது தலைகீழ் மாற்றம். மெண்டோசா மாதிரி ஒருத்தரைக் கண்டுபிடித்தால் போதும் என்ற காலம் முடிந்தது. நல்ல இந்திய ஆட்டக்காரர் ஆறு பேர், அப்புறம் ஏழு பேர் இல்லாமல் இனி எதுவும் ஜெயிக்க முடியாது.

2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் இறுதி ஆட்டத்தைத் தொடங்கிய பதினோரு பேரை இன்றும் மனப்பாடமாகச் சொல்வேன். கோலில் கரண்ஜித் சிங். பின்வரிசையில் இனிகோ கால்டெரோன், மைல்சன் ஆல்வெஸ், கேப்டன் ஹென்ரிக்கே செரேனோ, ஜெர்ரி லால்ரின்சுவாலா. நடுவில் பிக்ரம்ஜித் சிங், தன்பால் கணேஷ். மேலே கிரகரி நெல்சன், ரஃபேல் அகஸ்டோ, பிரான்சிஸ் பெர்னாண்டஸ். முன்னால் ஜெஜே. ஐந்து வெளிநாட்டுக்காரர். ஆறு இந்தியர்: பஞ்சாப் இரண்டு, மிசோரம் இரண்டு, கோவா ஒன்று, தமிழ்நாடு ஒன்று.

அந்த ஒன்று தன்பால் கணேஷ். வியாசர்பாடிக்காரர். நேரு ஸ்டேடியத்திலிருந்து நாலைந்து கிலோமீட்டர் இருக்கும். வியாசர்பாடியைப் பற்றி சினிமா காட்டுவது ஒன்று. அங்கே சாயங்காலம் மண் தரையில் நடக்கும் கால்பந்து வேறொன்று. சின்ன இடத்தில் ஆடிப் பழகியவர்களுக்கு ஒரு குணம் உண்டு. பந்து காலுக்கு வருவதற்கு முன்பே யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்திருக்கும், ஏனென்றால் எல்லாரும் கை எட்டும் தூரத்தில்தான் இருப்பார்கள். கணேஷ் அப்படித்தான் ஆடினார். டிஃபென்ஸுக்கு முன்னால் நின்று எதிரணியின் பந்தை மறிப்பது, பக்கத்தில் இருப்பவரிடம் எளிமையாகக் கொடுப்பது. மறுநாள் பேப்பரில் பெயர் வராத வேலை. கடலில் நங்கூரம் இழுக்கிறவன் மாதிரி. படகு நகராமல் இருந்தால்தான் அவன் இருக்கிறான் என்று அர்த்தம்.

ஆனால் மார்ச் 13ஆம் தேதி அந்தப் பெயர் வந்தது. கோவாவுக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம், நேரு ஸ்டேடியம். முதல் ஆட்டம் 1-1. 26ஆவது நிமிடத்தில் ஜெஜே ஒன்று போட்டார். மூன்று நிமிடம் கழித்து கணேஷ். கடைசி நிமிடத்தில் மறுபடி ஜெஜே, 3-0. அந்த இரண்டாவது கோலுக்கு ஸ்டாண்டில் எழுந்த சத்தம் மற்ற இரண்டுக்கும் எழுந்த சத்தம் இல்லை. ஜெஜேவின் கோலுக்குக் கத்தும்போது ஒரு அணிக்காகக் கத்துகிறோம். கணேஷின் கோலுக்கு, என் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒருவர், "நம்ம பையன்டா, நம்ம பையன்டா" என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

நாலு நாள் கழித்து பெங்களூரில் சுனில் சேத்ரி ஒன்பதாவது நிமிடத்திலேயே போட்டார். மைல்சன் ஆல்வெஸ் இடைவேளைக்குள் தலையால் இரண்டு. அகஸ்டோ ஒன்று. கடைசியில் மிக்கு ஒன்று போட்டும் 3-2. அந்த ஊரில், அந்தக் கூட்டத்துக்கு நடுவில். இரண்டாவது கோப்பை.

இதற்கு அடுத்த சீசனின் பட்டியலைப் பார்த்து நாங்கள் யாரும் கவலைப்படவில்லை. செரேனோ போய்விட்டார், கணேஷ் முழங்கால் காயத்தில். மற்றபடி முதுகெலும்பு அப்படியே இருக்கிறதே என்று நினைத்தோம். 18 ஆட்டம், இரண்டு வெற்றி, ஒன்பது புள்ளி, கடைசி இடம். ஒரு மிட்ஃபீல்டரும் ஒரு டிஃபெண்டரும் இல்லாததால் மட்டும் சாம்பியன் அணி கடைசிக்குப் போகாது, தெரியும். ஆனால் நங்கூரம் இல்லாத படகு எப்படி இருக்கும் என்று அந்த வருஷம் பார்த்தேன்.

அதே 2018-19 சீசனில்தான் தமிழ்நாட்டுக் கால்பந்தின் பெரிய விசித்திரம் நடந்தது. ஐஎஸ்எல்லில் சென்னை கடைசி. ஐ-லீகில் சென்னை முதல். சென்னை சிட்டி எஃப்சி என்ற அணி, கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் ஆடி, 2019 மார்ச் 9ஆம் தேதி மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் சாம்பியன் ஆனது. பயிற்சியாளர் சிங்கப்பூரின் அக்பர் நவாஸ். பெட்ரோ மான்சி என்ற ஸ்ட்ரைக்கர் 21 கோல். ஆனால் நான் சொல்ல வந்தது அவரை இல்லை. அந்தப் பட்டியலில் எட்வின் சிட்னி வான்ஸ்பால், அஜித் குமார், ரொமாரியோ யேசுராஜ், பிரவிட்டோ ராஜு என்று தமிழ்நாட்டுப் பெயர்கள் வரிசையாக இருந்தன. பெஞ்சில் இல்லை, களத்தில். அதற்கு முந்தைய வருஷம் இதே அணியின் நடுவில் ஆடியவர் மைக்கேல் சூசைராஜ். கன்னியாகுமரி மாவட்டம் இரவிபுத்தன்துறை. எங்களை மாதிரியே மீன்பிடி ஊர். தூத்தூரை ஒட்டிய அந்தக் கரையில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு மைதானமும் ஒரு மாதா கோவிலும் இருக்கும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அந்தக் கரையிலிருந்து எத்தனை பேரைக் கொண்டுபோனது என்று கடற்கரை ஊர்கள் எல்லாவற்றுக்கும் தெரியும்.

அந்தக் காலத்து விதிப்படி ஐ-லீக் சாம்பியனுக்கு ஐஎஸ்எல் கதவு திறக்காது. அந்தக் கதவு திறந்தது 2022-23 சீசனின் சாம்பியன் பஞ்சாபுக்குத்தான். சென்னை சிட்டி அதற்குள் காணாமல் போய்விட்டது. 2020-21க்குப் பிறகு அது ஐ-லீகில் ஆடவே இல்லை. கோப்பை ஜெயித்த அணி இரண்டே வருஷத்தில் இல்லாமல் போவதற்கு வேறு நாட்டில் புத்தகம் எழுதுவார்கள். நம்ம ஊரில் ஒரு செய்திக்குறிப்பு.

சூசைராஜ் ஜாம்ஷெட்பூருக்குப் போனார், பிறகு கொல்கத்தா, ஒடிஷா. சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் டெல்லி, ஒடிஷா, பிறகு ஈஸ்ட் பெங்கால். 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அவர் போட்ட ஒரே கோல், நாலரை வருஷமாக டெர்பியில் ஜெயிக்காத ஈஸ்ட் பெங்காலை ஜெயிக்க வைத்தது. கொல்கத்தாவில் பாதி நகரம் அன்று அவர் பெயரைச் சொல்லித் தூங்கியிருக்கும். சிவகங்கை மாவட்டம் கண்டனூரின் சிவசக்தி நாராயணன் பெங்களூருக்காக ஆடி 2022-23இல் லீகின் சிறந்த வளரும் ஆட்டக்காரர் விருது வாங்கினார். இந்த மூன்று பேரும் ஐஎஸ்எல்லில் சென்னையின் நீலச் சட்டை போட்டு ஆடியதில்லை. பட்டியலில் இருப்பவர்களை வைத்து அணியை மதிப்பிடுவது வழக்கம். எனக்கு இந்த இல்லாத மூன்று பெயரையும் கூடவே எழுதிப் பார்க்கும் பழக்கம் உண்டு.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2022இல் சென்னையின் நிர்வாகம் ரொமாரியோவையும் அஜித் குமாரையும் எடுத்தது. எட்வின் ஏற்கெனவே இருந்தார். சென்னை சிட்டியின் சாம்பியன்கள் மூன்று பேர் ஒரே பட்டியலில். என் கண்ணுக்கு அது பொற்காலம். சீசன் முடிவில் எட்டாம் இடம். அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் எட்டாம் இடம்தான். ஆகவே ஊர்ப் பெயர் இருந்தால் கோப்பை வரும் என்று நான் சொல்லவில்லை. 2015இல் சாம்பியன் ஆனபோது இறுதியில் ஜெயிக்க வைத்தது ஒரு கொலம்பியக்காரர். 2019-20இல், சீசன் நடுவில் ஓவன் கோய்ல் வந்து கடைசிக்குப் பக்கத்தில் கிடந்த அணியை இறுதி வரை இழுத்துப் போனபோது, 15 கோல் போட்டவர் லித்துவேனியாவின் வால்ஸ்கிஸ், அவருக்குப் பந்து கொடுத்தவர் பிரேசிலின் கிரிவெல்லாரோ. அந்த இறுதி 2020 மார்ச் 14, கோவாவில், கொரோனா காரணமாக ஒரு ரசிகர்கூட இல்லாத மைதானத்தில். ஏடிகேவிடம் 1-3. அடுத்த இரண்டு சீசனும் மொத்தமாக கோவாவிலேயே நடந்தன. சென்னையின் சொந்த மைதானம் என்று கோவாவில் ஒன்றை எழுதியிருந்தார்கள். ஐந்தாம் வேற்றுமை, நீங்கல் பொருள், இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு இலக்கணப் புத்தகத்திலும் கிடைக்காது.

உண்மையில் என் வருத்தம் ஊர்ப் பெயரைவிட வேறு இடத்தில் இருக்கிறது. யார் பிறந்தார்கள் என்பதைவிட யார் தங்கினார்கள் என்பது. அனிருத் தாப்பா டேராடூன்காரர். 18 வயதில் 2016இல் வந்தார், இங்கேயே வளர்ந்தார், கேப்டன் ஆனார். 2023இல் மோகன் பகான். மிசோரமின் சாங்டே இங்கே இருந்தபோது கோல் முன்னால் தடுமாறுவார், நாங்கள் தலையில் அடித்துக்கொள்வோம். 2022 ஜனவரியில் மும்பைக்குப் போனார், 2022-23இல் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர். ஜெஜே 2014 முதல் ஐந்து சீசன் இருந்தார், 23 கோல். இப்போது மிசோரமில் எம்எல்ஏ. 2023 தேர்தலில் ஜெயித்தபோது எங்க வாட்ஸப் குழுவில் ஒருத்தன் "போடு மச்சி வோட்டு" என்று எழுதினான். இடது பின்வரிசையை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஜெர்ரி 2016இல் லீகின் வளரும் ஆட்டக்காரர் விருது வாங்கியவர், ஆறு வருஷம் இருந்துவிட்டு ஈஸ்ட் பெங்கால். அடுத்து வந்த ஆகாஷ் சங்வான், இரண்டு வருஷத்தில் கோவா. ஒவ்வொரு தடவையும் ஒருவரைச் செய்து முடிக்கிறோம், அடுத்தவர் வந்து எடுத்துப் போகிறார். நாம் பயிர் செய்கிறோம், அறுவடை வேறு ஊரில்.

சரி, இந்த வருஷத்துப் பட்டியல். ஆகஸ்ட் 2025இல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வழக்கமாக இந்த நேரத்தில் அணி முகாமுக்குப் போயிருக்கும். இந்தத் தடவை சீசனுக்கே தேதி இல்லை. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பும் ஐஎஸ்எல்லை நடத்தும் கம்பெனியும் 2010இல் போட்ட 15 வருஷ ஒப்பந்தம் வரும் டிசம்பர் 8ஆம் தேதி முடிகிறது. புதுப்பிக்கவில்லை. ஜூலையில் சீசனை நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் பெங்களூரு தன் ஆட்டக்காரர்களின் சம்பளத்தை நிறுத்தியது, பின்னாடியே சென்னையின் தன் வேலைகளை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் என்றால் 61 நாள், முடியும் தேதி எல்லாருக்கும் தெரியும், நிவாரணத் தொகையும் உண்டு. இதற்குத் தேதி கிடையாது. சம்பளத்தை நம்பி வீட்டுக்கடன் வாங்கிய 24 வயதுப் பையன் ஐஸ்வாலிலோ இம்பாலிலோ உட்கார்ந்திருப்பான்.

ஆகவே போன சீசன் ஆடியவர்களை வைத்துத்தான் எடைபோட முடியும். 13 அணியில் 11ஆம் இடம் வந்த கூட்டம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு. கோலில் மணிப்பூரின் முகமது நவாஸ், பின்னால் நம்ம இளையோர் அணியிலிருந்து வந்த சமிக் மித்ரா. இருவரில் நான் சமிக்கை நிற்க வைப்பேன், தவறு செய்யட்டும், வளரட்டும், ஆனால் விற்காதீர்கள். பின்வரிசையில் பிரீத்தம் கோட்டாலின் அனுபவம் தேவை, வேகம் போய்விட்டது. லால்டின்புயாவை நம்பலாம். நடுவில் ஜிதேந்திர சிங், ஹ்னாம்தே. ஓடுவார்கள், மறிப்பார்கள், பந்தைப் பிடித்து வைத்து ஆட்டத்தை மெதுவாக்கத் தெரிந்த ஒருவர் இல்லை. 2018இல் கணேஷ் நின்ற இடம் ஏழு வருஷமாகக் காலி என்றே சொல்வேன். முன்னால் இர்ஃபான் யட்வாட், ஃபரூக் சௌத்ரி. இர்ஃபானுக்குப் பந்து போனால் ஏதாவது நடக்கும். போன சீசனில் லீகிலேயே அதிக கோல்களுக்குப் பந்து எடுத்துக் கொடுத்தவர் நம்ம ஸ்காட்லாந்துக்காரர் கானர் ஷீல்ட்ஸ், எட்டு தடவை. அப்படி ஒருவரை வைத்துக்கொண்டு 11ஆம் இடத்தில் முடிப்பதற்கும் ஒரு திறமை வேண்டும். ஷீல்ட்ஸை எப்படியாவது பிடித்து வையுங்கள். நடுவில் ஒரு வெளிநாட்டுக்காரரை, 37 வயதில் பெயர் உள்ளவரை வேண்டாம், 23 வயதில் பெயர் இல்லாதவரைத் தேடுங்கள்.

நந்தகுமாரை வாங்கப் பணம் இருக்காது. இருந்தாலும் விசாரித்துப் பார்க்கலாம், விசாரிக்கக் காசு கேட்க மாட்டார்கள்.

இடது பின்வரிசையில் மந்தார் ராவ் தேசாய், வயது 33. அந்த இடத்துக்கு ஒரு இடதுகால் பையன் வேண்டும், 20 வயதுக்குள்.